ஷட்டர் திறக்கவில்லை என்று எழுதினேன்

சேசு மரி சூசை துணை

நீலசந்திரா, பெங்களூர்
11-6-1944

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

பிரிஜெட் எழுதிக்கொள்வது. உங்கள் ஏப்ரல் கடிதத்துக்கு இன்றுதான் பதில், கோபிக்கக் கூடாது. குழந்தைக்கு ஒரு வேளைப் பால் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது. நேற்றோடு அல்போன்சாவுக்கு நாலு மாதம்.

குழந்தையைப் படம் எடுத்து அனுப்ப, நீங்கள் கேட்டபடி பழைய கேமரா ஒன்று வாங்கிவிட்டேன். ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஃபாத்திமா பீபி கடையில். "தொரை சீமைக்குப் போறப்போ குடுத்துட்டுப் போனதும்மா, கண்ணு மாதிரி வெச்சிருந்தாரு" என்றாள். வீட்டுக்கு வந்து, லென்ஸுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக இருக்கும் துருத்தியை நீட்டிப் பார்த்தால், மடிப்பு மூலையெல்லாம் ஊசி குத்தினாற்போல ஓட்டை! துரைமார் கேமராக்களைப் பிரித்துப் பூட்டிய புருஷன் இருக்கும்போது கடையில் கொடுக்க மனமில்லை. நீங்களே வழி சொல்லுங்கள். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்று மட்டும் பி.ஏ. வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

அத்தைக்கு மூட்டுவலி தவிர சௌக்கியம்.

உங்கள்
பிரிஜெட்

*

களத் தபால் (இடம் எழுத அனுமதியில்லை)
3-7-1944

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

துருத்தி ஓட்டைக்குப் பயப்படாதே. அறையை இருட்டாக்கி, துருத்திக்குள் டார்ச்சை விடு. ஓட்டை உள்ள இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். சாக்பீஸால் குறித்துக்கொள். கிழிந்த குடைத்துணியைச் சின்னதாக வெட்டி, சைக்கிள் பஞ்சர் சொலூஷன் தடவி, உள்பக்கமாக ஒட்டு. தடியாக ஒட்டினால் துருத்தி மடங்காது. காயும்வரை மூடவும் கூடாது. மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும்.

குழந்தையின் வாய் யாருடையது, உன்னுடையதா என்னுடையதா? அம்மாவைக் கேட்டேன். மிளகாய் விலையை எழுதியிருக்கிறாள். இங்கே ஆளாளுக்குப் பர்சிலிருந்து பிள்ளைகள் படத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். "உனக்கு நெசமாவே புள்ள பொறந்துச்சாடா?" என்று கூட வேலை செய்கிற சுந்தரராமன் கிண்டல் செய்கிறான். சீக்கிரம் அனுப்பு, அவன் வாயை அடைக்க வேண்டும்.

அன்புடன்
ரெமிஜியஸ்

*

25-7-1944

அத்தான்,

இந்தக் கடிதம் உங்களுக்கு வராது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பதினோரு ஓட்டை. எல்லாவற்றையும் ஒட்டிவிட்டேன். ஒரு ரோல் போட்டுக் கோயில் கோபுரம், கிணற்றடி என்று எட்டுப் படம் எடுத்தேன். ஸ்டூடியோ பெர்னார்ட் கழுவிக் கொடுத்துவிட்டு, "ஏம்மா, யாரு இத ரிப்பேர் பண்ணது? அந்த ஆள நம்ம கடைக்கு அனுப்புங்க" என்றார். நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, அடுத்த ரோலைப் போட்டு, அல்போன்சாவை ஜன்னலோரம் கிடத்தினேன். அழுத்த முடியவில்லை.

அத்தான், நம் பெண்ணின் மேலுதடு பிளந்திருக்கிறது. மூக்குத் துவாரம் வரைக்கும். பிறக்கும்போதே அப்படித்தான். பால் உறிஞ்ச வராது. ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறேன், பாதி மூக்கால் வந்துவிடுகிறது. அத்தை அவளை வாசலுக்குத் தூக்கிப் போவதில்லை. "புள்ளத்தாச்சியா கிரகணத்த மாடியில நின்னு பாத்தியே, வேணாம்னு எத்தினி தடவ கத்தினேன்! எம் புள்ளைக்கு நான் எப்படி எழுதுவேன்? நீயே எழுது" என்கிறார். நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் நின்று பார்த்தது நான்தானே.

எடை கூடினால் நவம்பரில் தைத்துவிடலாம் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்கிறார். மயக்க மருந்து கொடுக்கத் தகப்பனின் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். சிறு குழந்தைகள் சில சமயம் மயக்கத்திலிருந்து எழுந்திருப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். உங்களைக் கேட்டால்தான் அவளுக்கு உதடு. கேட்டால், மகளைப் பற்றி நீங்கள் முதன்முதலாக அறிவது அவள் குறையைத்தான்.

பெட்டிக்கு அடியில் வைக்கிறேன்.

*

நீலசந்திரா
27-7-1944

பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே ஒட்டினேன். இப்போது வேறு கோளாறு. ஷட்டர் திறக்கவே மாட்டேன் என்கிறது. அல்போன்சாவை எட்டுப் படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் நெகடிவ் முழுக்கக் கன்னங்கரேலென்று கறுத்துக் கிடக்கிறது. யுத்த காலத்தில் பிலிமும் எளிதில் கிடைப்பதில்லை. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தை நன்றாக இருக்கிறாள்.

உங்கள்
பிரிஜெட்

*

களத் தபால்
29-8-1944

பிரிஜெட்டுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். ஷட்டர் திறக்காவிட்டால் உள்ளே வெளிச்சமே போகாது. கழுவினால் நெகடிவ் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருக்கும். கறுப்பது வெளிச்சம் பட்ட பிலிம். ஒட்டுப் போட்டது சரியில்லை, அதனால் கறுத்தது என்று நீ எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். ஷட்டரும் திறக்கவில்லை, படம் எடுத்த பிலிமும் கறுத்தது என்றால், அப்படி ஒரு கோளாறு எந்தக் கேமராவிலும் கிடையாது.

எங்கள் பட்டறைக்குப் பழுதான கருவிகளோடு வருகிற சிப்பாய்கள் இப்படி நடக்க முடியாததைச் சொன்னால், எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். சத்தம் போட்டால் உண்மை வந்துவிடும். உன்னிடம் சத்தம் போட இங்கிருந்து முடியாது.

பிரிஜெட், குழந்தை உயிரோடுதான் இருக்கிறாளா? அதற்கு மட்டும் பதில் எழுது.

ரெமிஜியஸ்

*

நீலசந்திரா
24-9-1944

அத்தான்,

உயிரோடு இருக்கிறாள். இதோ பக்கத்தில் காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறாள். உங்களை அப்படி நினைக்க விட்டேனே! கடிதம் நேற்றுத்தான் வந்தது.

ஜூலையில் எழுதி அனுப்பாத கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படியுங்கள். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை.

இப்போது பன்னிரண்டு பவுண்டு இருக்கிறாள். நவம்பர் இருபதாம் தேதி என்று நாள் குறித்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் தீர்மானம். எனக்கு இரண்டுக்கும் பயமாக இருக்கிறது. படம் வைக்கவில்லை. தைத்து ஆறிய பிறகு நல்ல முகமாக எடுத்து அனுப்புகிறேன்.

பிரிஜெட்

*

களத் தபால்
17-10-1944

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

சம்மதக் கடிதம் இத்துடன். எங்கள் மேஜர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உன்மேல் கோபம் இருக்கிறது. உதட்டுக்காக இல்லை. ஏழு வாரமாக நான் செத்துப்போன குழந்தைக்கு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் காகிதத்தில் பேசித் தீர்க்க முடியாது, வந்து பேசுகிறேன். அம்மாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். அந்தக் கிரகணத்தை நானும் இங்கே கூடாரத்துக்கு வெளியே நின்று முழுக்கப் பார்த்தேன், திட்டுவதானால் என்னைத் திட்டு என்று.

தைத்த பிறகு படம் அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது போதாது. மயக்க மருந்தில் என்ன ஆகும் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. நல்லபடியாக முடிந்தாலும், அவள் பிறந்த முகம் அன்றோடு போய்விடும். நீ அதை ஒன்பது மாதம் பார்த்திருப்பாய். நான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

இருபதாம் தேதிக்கு முன்னால் எடு. காலை வெளிச்சத்தில் எடு. ஐந்தடி தள்ளி நில்; அதற்குக் கிட்டே போனால் மங்கிவிடும். துணியால் வாயை மூடாதே. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்து.

ரெமிஜியஸ்