கமர் நிஷாவின் பி பக்கம்

6 பிப்ரவரி 1984, திங்கள்

காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மாதர் சங்கம், நடுவில் இந்தப் பாழாய்ப்போன படிவம். ‘கருவியால் பயனடைந்தோர் வாழ்வில் ஏற்பட்ட மாற்றத்தைச் சான்றுடன் விளக்குக.’ சான்றுக்கு நான் எங்கே போவேன்? ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி அழுதாள் என்று எழுதினால் ஒப்புக்கொள்வார்களா?

கருவி என்றால் ஒரே ஒரு டேப் ரிக்கார்டர். ஆறு மாதத்துக்கு முன் சென்னை அமுதகம் அறக்கட்டளையின் மானியத்தில் வந்தது. புருஷன் துபாயிலோ சவூதியிலோ இருந்துகொண்டு கேசட்டில் பேசி அனுப்புகிறான். அதைப் போட்டுக் கேட்க மெஷின் இல்லாத வீடு நம் பட்டினத்தில் மட்டும் நாற்பத்தேழு. கடிதம் எழுதவும் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. முன்பெல்லாம் மெஷின் உள்ள வீட்டுக் கூடத்தில் போய்க் கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். புருஷன் பேசுவதை அந்த வீட்டு வேலைக்காரி வரைக்கும் கேட்டுவிட்டு மறுநாள் தெருவில் கேலி பேசுவாள். நான் மனுவில் எழுதினதே இதைத்தான் — ‘தன் கணவனிடம் தனியாகப் பேசவும் கேட்கவும் ஒரு பெண்ணுக்கு இடம் வேண்டும்.’ நல்ல வரி. அந்த வரிக்காகத்தான் மானியம் கிடைத்தது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

22-ஆம் தேதி பாலகுரு என்ற அதிகாரி பார்வையிட வருகிறாராம். அவருக்குத் திருப்தி என்றால் இரண்டாம் வருஷமும் மானியம். திருவேட்டக்குடி மீனவப் பெண்களுக்கும் ஒரு மெஷின் கேட்டிருக்கிறேன்.

9 பிப்ரவரி, வியாழன்

கமர் நிஷா இன்று தன் கேசட்டில் பேசி முடித்தாள்.

கேசட்டில் ஏ பக்கம் மாமியார் பேச வேண்டும், பி பக்கம் மருமகள். யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்த வழக்கம். பேசின கேசட் வெளிநாட்டுக்குப் போகிற ஆள் கிடைக்கும் வரை சங்கத்து அலமாரியில் இருக்கும். வீட்டில் இருந்தால் யாராவது எடுத்துக் கேட்டுவிடுவார்கள் என்று இவர்களுக்குப் பயம். கமர் நிஷாவின் மாமியார் ரோஷன் பேகம் போன வாரமே வந்து ஏ பக்கத்தில் பேசிவிட்டுப் போனார். தெருவே அந்த அம்மாளுக்குப் பயப்படும். நானும்தான்.

கமர் நிஷா நாகூரிலிருந்து வாழ வந்தவள். இருபத்துநாலு வயது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் முத்து முகம்மது துபாய் போனவன், நாலு வருஷமாக முகம் காட்டவில்லை. நான் வழக்கம்போல அவளைச் சங்கத்து அறையில் விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். கண் சிவக்க வெளியே வந்தாள்.

“மார்ச்சு கடைசில அவரு அக்ரிமெண்டுல மறுபடி கையெழுத்துப் போடணுமாம் டீச்சர். இன்னும் மூணு வருசம். அதப் பத்திதான் பேசுனேன். இத யாரும் கேக்க மாட்டாங்கல்ல?”

“எவளாவது தொட்டா கையை ஒடிச்சுப்புடுவேன், போ” என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

17 பிப்ரவரி, வெள்ளி

அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. அதிகாரிக்கு டீயா காப்பியா என்பதில் சங்கத்தில் ஒரு மணி நேர விவாதம். நாட்டை ஆளவிட்டால் இவர்கள் பிரமாதமாக ஆளுவார்கள்.

22 பிப்ரவரி, புதன்

எழுதக் கை ஓடவில்லை. எழுதத்தான் வேண்டும்.

பாலகுரு பதினோரு மணிக்கு வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. நோட்டைப் பார்த்தார், தலையாட்டினார். “எண்ணிக்கை எல்லாம் சரிம்மா. எப்படிப் பயன்படுதுன்னு ஒண்ணு போட்டுக் காட்ட முடியுமா?” என்றார். பெண்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ரோஷன் பேகம். எனக்குச் சட்டென்று யோசனை. அந்த அம்மாள் பேசினால் கணீரென்று இருக்கும். “மாமி, நீங்க பேசுனதப் போட்டுக் காட்டலாமா?” என்று கேட்டேன். “போடுங்க, எனக்கென்ன வெட்கம்” என்றார். கமர் நிஷா பின்னால் சுவரோரமாக நின்றாள். அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமியார் பக்கம்தானே!

அவசரத்தில் கேசட்டை எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்க்காமல் போட்டேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்” என்று கமர் நிஷாவின் குரல் வந்தது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். விரல் ஸ்டாப் பொத்தான் மேல்தான் இருந்தது. அந்த மனிதர் கையை உயர்த்தி, “இருக்கட்டும்மா, விடுங்க” என்றார். பேனாவைத் திறந்து குறிப்பு எடுக்க ஆரம்பித்தார். நான் விட்டேன்.

“கையெழுத்துப் போடாதீங்க. மாமி மாடி கட்டணும்னு அந்தப் பக்கத்துல சொல்லியிருப்பாங்க. எனக்கு மாடி வேணாம். ராத்திரில ஒங்க மொகத்த நெனச்சுப் பாத்தா வர மாட்டேங்குது மச்சான். போட்டோவ எடுத்துப் பாத்துட்டுத்தான் படுக்குறேன். இப்புடியே போனா நான் நாகூருக்கே போயிடுவேன். வந்துருங்க.” இன்னும் சொன்னாள். நான் எழுத மாட்டேன். கேட்டதே போதும்.

இரண்டு நிமிஷம் இருக்கும். அதற்குள் கமர் நிஷா வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். ரோஷன் பேகம் எழுந்து முக்காட்டைச் சரி செய்துகொண்டு, “நல்லாத்தான் பேசுறா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரிக்குக் கண் கலங்கியிருந்தது. டீ நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

என்னடி பண்ணித் தொலைச்சே ராஜம்? மெஷின் உள்ள வீட்டுக் கூடத்துல நடந்ததுக்கும் இதுக்கும் என்னடி வித்தியாசம்?

23 பிப்ரவரி, வியாழன்

கமர் நிஷா வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கத் தைரியமில்லை.

ஒன்று செய்தேன். அந்தக் கேசட்டை மாமியார் வாங்கிக்கொண்டு போய் ஜமாத்துப் பெரியவர்களிடம் போட்டுக் காட்டினால்? ‘நாகூருக்கே போயிடுவேன்’ என்ற ஒரு வார்த்தை போதாதா அந்தப் பெண்ணை வெளியே தள்ள? மதியம் அறையைப் பூட்டிக்கொண்டு பி பக்கத்தைப் போட்டு ரிக்கார்டு பொத்தானை அழுத்தினேன். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் பேசினது அத்தனையும் போயிற்று. ஏ பக்கத்தைத் தொடவில்லை.

செய்தது சரிதான். அவளுக்கு இனி ஆபத்தில்லை.

24 பிப்ரவரி, வெள்ளி

நினைத்தபடியே ரோஷன் பேகம் வந்து நின்றார். “கேசட்டக் குடுங்க டீச்சர். காதர் பாட்சா நாளைக்குப் பொறப்படுறாரு துபாய்க்கு.” எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் இருக்குல்ல?”

“இருக்குங்க” என்றேன். கூசாமல் சொன்னேன். என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

27 பிப்ரவரி, திங்கள்

கமர் நிஷா வந்தாள். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவளோ சிரித்த முகமாக உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் மாமி ஒண்ணும் பேசலீங்க. மறுநா சோறு போடயிலதான் சொன்னாங்க. நானும் கொழும்புக்குப் போன மனுசனுக்காக இருபது வருசம் காத்துக் கெடந்தவதான்டி, ஒம் பேச்சும் போகட்டும், எம் பேச்சும் போகட்டும், ரெண்டையும் கேட்டு அவன் முடிவு பண்ணட்டும்னு. அவங்களே வந்து வாங்கிட்டுப் போயிக் காதர் பாட்சா கைல குடுத்துட்டாங்க. எல்லாரும் கேட்டதும் ஒரு வகைல நல்லதாப் போச்சு டீச்சர். ஒங்க மேல கோவம்லாம் இல்ல.”

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். “நல்லதும்மா” என்றேன்.

ரோஷன் பேகத்தை நான் என்னவென்று நினைத்தேன்? பத்து வருஷமாக எதிர்த்த தெருவில் இருக்கிறேன்.

3 மார்ச், சனி

முத்து முகம்மதின் விலாசம் சங்கத்து நோட்டில் இருக்கிறது. ஏரோகிராம் தாள் வாங்கிக் கடிதம் எழுதிவிட்டேன். ‘உங்கள் மனைவி பேசியதை நான் அழித்துவிட்டேன். அவள் உங்களை வரச் சொன்னாள். கையெழுத்திட வேண்டாம் என்றாள்.’ ஆறே வரி. ஒட்டவில்லை. திங்கட்கிழமை போடலாம்.

12 மார்ச், திங்கள்

கடிதம் கைப்பையிலேயே இருக்கிறது.

யாரிடம் மறைக்கிறேன்? பயம்தான். கேசட்டை அழித்தவள் என்று ஒருத்தி வாயில் விழுந்தால் போதும், நாற்பத்தேழு பேரில் ஒருத்தியும் அறைக்குள் கால் வைக்க மாட்டாள். அறக்கட்டளைக்கும் தெரிந்துபோகும். திருவேட்டக்குடிக்கு மெஷின் போகாது. ஒருத்தியா, ஊரா என்று பெரிய நியாயம் பேசிக்கொள்கிறேன். ஊராவது மண்ணாவது. என் பெயர் கெடக்கூடாது, அவ்வளவுதான்.

19 மார்ச், திங்கள்

மேலத்தெரு ஜன்னத்துல் பிர்தௌஸின் அண்ணன் நாளை துபாய் கிளம்புகிறார். கேசட் இருந்தால் கொடுக்கச் சொல்லியனுப்பினாள். ஏழு கேசட் கொடுத்தேன். ஒரு நடை போய்க் கமர் நிஷாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

1 ஏப்ரல், ஞாயிறு

மார்ச் முடிந்துவிட்டது. ஏரோகிராமைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கையெழுத்துப் போட்டானோ என்னவோ. அவன் உம்மாவின் குரலைக் கேட்ட ஏக்கத்தில் தானே மனசு மாறி வந்துவிட்டால்? வரட்டும். எப்படியாவது வந்து தொலைக்கட்டும்.

6 ஏப்ரல், வெள்ளி

மானியம் நீடிப்பு. திருவேட்டக்குடிக்கும் ஒப்புதல். பாலகுருவின் அறிக்கை நகலும் கூட வந்திருக்கிறது. ‘ஒரு பெண்ணின் உள்ளத்தை அவள் குரலிலேயே கேட்டோம். இக்கருவியின் பயனுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.’ சங்கத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ கற்கண்டு வாங்கி வந்தார்கள். நானும் வாயில் போட்டுக்கொண்டேன்.

5 மே, சனி

கமர் நிஷா கேசட்டோடு வந்தாள். முத்து முகம்மது அனுப்பினது. மாமியார் தன் பக்கத்தை நேற்றே வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன்.

“நீங்களும் இருங்க டீச்சர்” என்றாள்.

அவன் மெதுவாகப் பேசுகிறவன். “கமரு, ஒன் பக்கத்த முழுசாக் கேட்டேன். ரூம்ல எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரமாப் பாத்து அரை மணி நேரமும் ஒக்காந்திருந்தேன். எங்கயாவது ஒரு வார்த்த வரும்னு பாத்தேன். காத்தாடி சுத்துற சத்தம் கேக்குது. ஒரு எடத்துல யாரோ இருமுறாங்க. வேற ஒண்ணுமில்ல. மறுபடியும் மொதல்லேருந்து போட்டுக் கேட்டேன். எங்கூடப் பேசக்கூட ஒனக்குப் பிடிக்கல போலருக்கு. ஒம் மேல தப்பில்ல. அங்க வந்து யாருக்காக இருக்கப் போறோம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அவள் மெஷினை நிறுத்தினாள்.

“இருமுனது நீங்களா டீச்சர்?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழித்தது, பயந்தது, கடிதம் எழுதிப் போடாமல் வைத்திருந்தது, கிழித்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

“அழிச்சது கெடக்கட்டும்” என்றாள். “அன்னைக்கு நான் வந்தப்ப சொல்லியிருந்தா, இங்கயே ஒக்காந்து மறுபடியும் பேசியிருப்பேனே.”

குரலை உயர்த்தவில்லை. கேசட்டை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். வாசலில் ரோஷன் பேகம் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்து போனார்கள்.