வெங்காயமும் மைக்கும் வந்த கப்பல்

அன்பு அண்ணை,

நீங்கள் மாரடைப்பில் போய் இரண்டு வருசமாகிறது. உங்கள் லவுட்ஸ்பீக்கரை நேற்று மறுபடியும் சந்தியில் கேட்டேன். அதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த அம்பிளிபயர் வந்த நாள் நினைவிருக்கிறதா? இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டால் நாடு செழிக்கும் என்று கொழும்பில் சொன்னார்கள். திறந்தார்கள். ஜப்பான் பெட்டி உங்களுக்கு அரை விலைக்குக் கிடைத்தது. கைக்குழந்தையைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்தீர்கள். அதே கதவால் வெளிநாட்டு வெங்காயமும் வந்தது. உடுவில் ஊரில் என் தோட்டத்து வெங்காயம் விலைபோகாமல் கொட்டிலில் தொங்கியபடியே முளைவிட்டது. ஒருநாள் வெறுத்துப்போய் மாட்டுக்குப் போட்டேன். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எண்பத்திமூன்று கலவரத்துக்கு முந்தின வருசம் கட்சிக் கூட்டத்துக்கு அறிவிப்புச் செய்யச் சொல்லி உங்களைக் கேட்டார்கள். உங்களுக்குத் தொண்டை, எனக்குக் கை. எப்போதும் நான்தானே எழுதித் தருவேன். “வெங்காயம் இறக்குமதி செய்யும் முதலாளிமாரும், அதற்கு அனுமதி கொடுத்த மந்திரிமாரும் எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள்” என்று எழுதினேன். கோபத்தில் எழுதியதுதான், ஆனால் அதில் பொய் இல்லை.

நீங்கள் சிரித்தீர்கள். “உவ்வளவையும் நீட்டி வாசிச்சால் ஆர் நிண்டு கேக்கப் போகினம் பிள்ளை? ‘அவங்கள் எங்கடை வயித்திலை அடிக்கிறாங்கள்’ எண்டு சொல்லுவம். சனம் சைக்கிளாலை இறங்கும்.”

“அவங்கள் எண்டால் ஆர் அண்ணை?”

“அது சனத்துக்குத் தெரியும்.”

சனம் இறங்கத்தான் செய்தது. மேடையில் மாலையோடு இருந்தவர் யார்? கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்து அந்த வெங்காயத்தையே இறக்கிய எங்களூர் முதலாளி. மைக் செலவும் அவருடையதுதான். நாங்கள் கை தட்டினோம். அவரும் தட்டினார்.

அடுத்த வருச ஆடியில், அந்தக் கலவரத்தில், கொழும்பில் அவர் கடையை எரித்தார்கள். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. பிறகு அவர் அகதிக் கப்பலில் வந்து, யாரோ கொடுத்த சட்டையோடு எங்கள் வாசலில் நின்றார். பழஞ்சோறும் வெங்காயமும் போட்டேன். வெங்காயத்தைக் கடித்துவிட்டு, “உங்கடை தோட்டத்திலையோ?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். “நல்ல உறைப்பு” என்று சொல்லித் தலை குனிந்துகொண்டார்.

கொழும்பிலும் ஒரு மைக் இருந்திருக்கும் அண்ணை. வேலை இழந்த ஒரு சிங்களவனிடம், உன் வயிற்றில் அடிப்பவன் அந்தத் தமிழ்க் கடைக்காரன்தான் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கதவைத் திறந்தவர்களை அவனும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்?

இப்போது இங்கே இயக்கத்தின் ஆட்சி, கொழும்பு போட்ட பொருளாதாரத் தடை. சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைகிறோம். முதலாளி எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, ஒரு சின்னப் பெட்டிக்கடை போட்டிருந்தார். போன கிழமை இயக்கப் பெடியள் வீட்டுக்கு வந்தார்கள்.

“அக்கா, பதுக்கல்காரரைப் பற்றி ரெண்டு வரி எழுதித் தாங்கோ.”

“கை நோகுது தம்பி.”

“அப்ப அண்ணையின்ரை பழைய அறிவிப்புக் கொப்பியைத் தாங்கோ. அம்பிளிபயரையும் எடுக்கிறம்.”

நீங்கள் என் வரிகளை வெட்டித் திருத்தி வைத்த அந்தக் கொப்பியையும் பெட்டியையும் கொடுத்துவிட்டேன். பயம் அண்ணை, வேறொன்றுமில்லை.

நேற்று உங்கள் குழாய்க்குள்ளால் அந்த ‘வயித்திலை அடிக்கிறாங்கள்’ வசனம் வந்தது. இந்தமுறை ‘அவங்கள்’ என்றால் முதலாளி. காலையில் அவரிடம் தேயிலை வாங்கியவர்களும் சைக்கிளால் இறங்கிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன். கடையில் கிடைத்தது அரை மூட்டை சீனியும் கொஞ்சச் சவர்க்காரமும். பெடியள் அவரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வருவார் என்று ஒழுங்கையில் ஒருவரும் சொல்லவில்லை.

இன்று விடியலில் இருந்து அவர் மனைவி தங்கள் வாசல் படலையடியில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும், “ஆர் அந்த வசனத்தை எழுதினது?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போகிறேன்.

இனி ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மைக் இன்னொரு கைக்குப் போகும், சனம் இன்னொருமுறை சைக்கிளால் இறங்கும். உங்களுக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நாளைக் காலை நான் அந்தப் படலைக்குப் போவேன். நீங்கள் மாற்றிய சொல்லைப் பற்றி ஒன்றும் பேசமாட்டேன். எழுதியது நான்தான் என்று சொல்வேன்.

உங்களுக்கு எழுதித் தந்த
தங்கச்சி மலர்