நேரே ஸ்டேஷனுக்கு வா

என் ஆசை அம்மாவுக்கு,

கடைசியில் நீங்கள் கோச்சி ஏறிவிட்டீர்கள். போன கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, சாம்பல் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு காங்கேசன்துறை வரைக்கும் ரயிலில் கொண்டுபோனேன். ஸ்டேஷனில் அத்தனை வருடம் குடியிருந்தும் ஒரு நாளும் ரயில் ஏறாத மனுசி இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

யன்னல் பக்கம்தான் இருந்தோம். நாவற்குழியில் கடல்நீர் தெரிந்ததும் முட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். "என்னப்பா செய்யிறீர்?" என்று என் மனுசன், உங்கள் மருமகன், கேட்டார். "அம்மா கடலைப் பாக்கட்டும்" என்றேன். அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்களுக்கு இந்த ஸ்டேஷனோடு என்ன உறவு, அம்மா? கரவெட்டியிலிருந்தும் உடுப்பிட்டியிலிருந்தும் சனம் பஸ்ஸில் வந்து கொழும்புக் கோச்சி ஏறிய இடமாம். எங்கள் கடற்கரை ஊரான மயிலிட்டியிலிருந்து சண்டைக்குப் பயந்து நாங்கள் ஓடி வந்தபோது ரயில் நின்றுபோயிருந்தது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் கிடந்த மொட்டைச் சுவர்களுக்கு மேல் தென்னோலைக் கிடுகு போட்டு, அதை நீங்கள் வீடாக்கினீர்கள். டிக்கெட் அறை அடுப்பெரியும் குசினி. பிரயாணிகள் தங்கும் அறையில் படுக்கை. பிளாட்போமில் மிளகாய் காய்ந்தது.

டிக்கெட் கொடுக்கிற ஓட்டைக்குள்ளால்தான் சாப்பாட்டுக் கோப்பையை வெளியே நீட்டுவீர்கள். தம்பி செல்வன் குனிந்து நின்று, "கொழும்புக்கு ஒண்டு தாங்கோ" என்பான். "கொழும்பு முடிஞ்சுது. புட்டுத்தான் கிடக்கு" என்பீர்கள். அப்பாவும் இல்லாமல், ஊரும் இல்லாமல் கிடந்த காலத்தில், அந்த ஒரு பகிடிக்கு எத்தனை தரம் சிரித்திருப்போம்?

அந்த ஓட்டைக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுத்தான் செல்வனும் ஒரு நாள் போனான். பாண் வாங்கச் சைக்கிளை எடுத்தான். தூரத்தில் ஷெல் சத்தம் கேட்டது. நீங்கள் உள்ளே இருந்து கத்தினீர்கள்: "எங்கையும் நிண்டு மினக்கெடாதை. நேரே ஸ்டேஷனுக்கு வா."

"ஓமம்மா" என்றான். அவ்வளவுதான். அவனைக் கண்டவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒரு கதையிலும் அவன் திரும்பி வரவில்லை.

உங்கள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லே பிறகு உங்களைக் கட்டிப்போட்டுவிட்டது. சண்டை முடிந்து, ரயில் பாதையைத் திரும்பப் போட வந்தவர்கள் எங்களை அங்கிருந்து எழுப்பினார்கள். அப்போதும் பிளாட்போம் தெரிகிற மாதிரி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டுக் காணியில்தான் கொட்டில் போடச் சொன்னீர்கள். பிறகு ஆமி பிடித்து வைத்திருந்த எங்கள் மயிலிட்டிக் காணியையும் விட்டார்கள். ஊர்ச்சனம் அழுதுகொண்டு ஓடியது. நீங்கள் அசையவில்லை. "கிணறு இருக்காமம்மா, நீங்கள் நட்ட பூவரசும் நிக்குதாம்" என்று கெஞ்சினேன்.

"நீங்கள் போங்கோ. நான் அவனுக்கு ஸ்டேஷன் எண்டுதான் சொல்லி விட்டனான். மயிலிட்டி எண்டு சொல்லேல்லை."

பிடித்த முயலுக்கு மூன்று கால் உங்களுக்கு. உங்களைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? வள்ளம் ஓட்டிய உங்கள் மருமகன், கடற்கரையே இல்லாத இந்த ஊரில் மேசன் வேலைக்குப் போனார். எனக்கு உங்கள் மீது எவ்வளவு கோபம் இருந்தது தெரியுமா?

ஸ்டேஷன் இப்போது நல்ல வடிவு, அம்மா. மூன்று மொழியில் பெயர்ப்பலகை, வெயில் படாமல் குந்தியிருக்க நீள வாங்குகள், குழாய்த் தண்ணீர், மின்விசிறி. கழிப்பறைக்குத்தான் அநேகமாகப் பூட்டு. அந்த வாங்குகளில் நீங்கள் ஒரு நாளும் இருந்ததில்லை. இருந்தால் இறங்குகிற சனத்தின் முகம் வடிவாகத் தெரியாதாம். ரயில் நின்றதும் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை நடப்பீர்கள். மீசை அரும்பும் வயதில் போனவனுக்கு இப்போது தலை நரைத்திருக்குமே, எப்படி அடையாளம் பிடிப்பீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

அந்தியேட்டியன்று, எங்கள் குசினி இருந்த அதே இடத்தில் டிக்கெட் எடுக்கக் குனிந்தேன். "காங்கேசன்துறைக்கு மூண்டு தாங்கோ." வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"மூண்டாவது ஆருக்கப்பா?" என்றார் உங்கள் மருமகன்.

டிக்கெட் கொடுப்பவர் தெற்கிலிருந்து வந்தவர், உங்களோடு கதைத்துக் கதைத்துத் தமிழ் பழகியவர். ஒரு மாத லீவில் ஊருக்குப் போய் அன்றுதான் திரும்பியிருந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்து, "அம்மா இண்டைக்கு எங்கே?" என்று கேட்டார். நெஞ்சோடு அணைத்திருந்த முட்டியைக் காட்டினேன். அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நின்றபடியே மூன்று டிக்கெட்டையும் தந்தார்.

காங்கேசன்துறைக்குப் பக்கத்தில், கீரிமலையில் உங்களைக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பி வரும்போது, "இனி என்ன, நாங்களும் மயிலிட்டிக்குப் போவம். மாமியே எங்களை விட்டுப் போட்டா" என்றார் உங்கள் மருமகன். ஓம் என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன், அம்மா. எத்தனை வருடம் உங்களைக் கெஞ்சிக் கிடைக்காத விஷயம் அது?

அடுத்த நாள் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். கோச்சி கூவியது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். எதற்கு ஓடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை நடந்தேன். இறங்கிய ஒவ்வொரு நரைத்த தலையையும் பார்த்தேன். ரயில் போய் பிளாட்போம் வெறுமையான பிறகு, செத்தவீட்டில் அழாத அழுகையெல்லாம் அங்கே நின்று அழுதேன். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் தனியே கொட்டிலுக்குத் திரும்பி வந்தீர்களா? வந்து எங்களுக்குச் சோறும் போட்டீர்களா?

நான் வந்தபோது உங்கள் மருமகன் கட்டிய சாக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "நீர் ஓடின ஓட்டத்தைப் பாத்தனான். விடும். இஞ்சையே இருப்பம்" என்றார். அவருக்கும் கடல் வேண்டும், அம்மா.

இனி நான் நடக்கிறேன், முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை. நீங்கள் யோசிக்காமல் இருங்கள். அவன் வந்தால் என்னைப் பார்த்துவிட்டு முதலில் உங்களைத்தான் தேடுவான். "அம்மா எங்கை, அக்கா?" என்பான். அழமாட்டேன், சத்தியம். "அம்மா கோச்சி ஏறி ஊருக்குப் போட்டா, தம்பி. கொழும்பு முடிஞ்சுது, புட்டுத்தான் கிடக்கு. வா, முதல் சாப்பிடு" என்று சொல்லுவேன்.

ரயில் வரும் நேரமாகிறது.

இப்படிக்கு,
செல்வனுக்கு அக்காவும் உங்களுக்கு மூத்தவளுமான நான்