அண்ணனுக்குக் கொடுத்த சிலிண்டர்

அன்பு குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதி மூன்று முறை அடித்துவிட்டேன், அதனால் நேராகவே சொல்கிறேன். அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்து இன்றோடு பன்னிரண்டு நாள். உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கடல் ஆழத்திலிருந்து இடையில் நிற்காமல் மேலே வந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயும் அங்கே ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் அதே வேலைதானே பார்க்கிறாய். அம்மா அவன் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, இது தெரியுதாடா, இது தெரியுதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நாலாவது நாளிலிருந்து அவன் தெரியுதும்மா என்று பொய் சொல்கிறான்.

அந்த ஒரே நாளில் அது அவனுக்கு மூன்றாவது முறை இறங்குவது. கூட நாலு பேர், நாலு பேரும் புதியவர்கள். ஒரு வழிகாட்டிக்கு இரண்டு புதியவர்தான் என்ற விதி கடைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது, முதலாளி அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நாலு பேருக்கு ரசீது கிழிக்கிறார். தண்ணீருக்குள் ஜோடி ஜோடியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பாடம் வேறு. தன் சிலிண்டரில் எவ்வளவு காற்று என்று மீட்டரையே பார்க்கத் தெரியாதவன் அண்ணனுடையதை எங்கே பார்ப்பான்? நாலு பேருக்கும் இவன் துணை, இவனுக்கு ஒருத்தனும் இல்லை. அதில் ஒரு பல் டாக்டர் பதறிப்போய், அண்ணன் கேலியாகச் சொல்வானே, காத்தை சோடா மாதிரி குடிக்கிறாங்கப்பா என்று, அப்படிக் குடித்துத் தீர்த்துவிட்டார். இவன் தன்னுடைய இரண்டாவது குழாயை அவர் வாயில் வைத்தான். இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சு விட, கொஞ்ச நேரத்தில் அதுவும் காலி. அவரை இழுத்துக்கொண்டு ஒரே மூச்சாக மேலே வந்துவிட்டான். மற்ற மூவரும் பத்திரமாகத் திரும்பினார்கள். பல் டாக்டருக்கு மூக்கில் ரத்தம் வந்ததோடு சரி, பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார், கட்டில் பக்கம் நின்று அழுதார்.

அண்ணன் மணிக்கட்டில் கட்டியிருந்த, தண்ணீருக்குள் எழுதுகிற சின்னப் பலகையில் நாலு பேருடைய காற்றும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதியிருக்கிறது. தன்னுடையது ஓரிடத்திலும் இல்லை. முதலாளி அதைத் தூக்கிப் பிடித்து, பதினோரு வருஷ அனுபவம் சார், சொந்த மீட்டரைப் பாக்கல, நாங்க என்ன பண்றது என்று விசாரணைக்கு வந்தவரிடம் சொன்னார்.

அவன் ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும் குட்டிம்மா. பழகினவனுக்கு மிச்சக் காற்று இருக்கிற சிலிண்டரே போதும், முழுசை வர்றவங்களுக்குக் கொடு என்பது முதலாளி உத்தரவு. காற்று நிரப்புகிறவன் நான், பதினோரு வருஷமாக அவருக்குத் தெரியாமல் என் பிள்ளைக்கு முழுசாகத்தான் கொடுத்தேன். அந்தத் தைரியத்தில்தான் அவன் மீட்டர் முள்ளைப் பார்ப்பதையே விட்டான். அன்றைக்கு நாலாவது ஆள் கடைசி நிமிடத்தில் வந்து நின்றார். காற்று நிரப்பும் கம்ப்ரஸர் சூடாகி நின்றுவிட்டது. அண்ணனுக்கு வைத்திருந்ததை எடுத்து அந்த ஆளுக்குக் கொடுத்தேன், அண்ணனுக்குப் பாதி. சொல்லிவிடலாம் என்று படகுத்துறைக்கு ஓடினேன், படகு கிளம்பிவிட்டது. பழகினவன்தானே என்று நானும் நினைத்துவிட்டேன்.

எல்லா சிலிண்டரும் முழுசு என்று கையெழுத்துப் போடு, ஆஸ்பத்திரி செலவை நான் பாத்துக்கறேன், இல்லேன்னா நாளைக்கே கட்டிலைக் காலி பண்ணிக்கோ என்றார் முதலாளி. போட்டுவிட்டேன். நேற்று அம்மா மருந்து வாங்கப் போன நேரத்தில், அப்பா, அன்னைக்கு எவ்வளவு ஏத்துனீங்க என்று அண்ணன் கேட்டான். முழுசுதான்டா என்றேன். சரிப்பா என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதைப் படித்துவிட்டு உடனே கிளம்பி வராதே, வந்து பார்க்க இங்கே ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இறங்குவதற்கு முன்னால் உன் முள்ளை நீயே பார். யார் நிரப்பியது என்று கேட்காதே. அப்பா நிரப்பியது என்றாலும் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா