பதினேழாம் எண் சீல்

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

இங்கு அம்மாவும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

மூடவிருந்த உங்கள் தொழிற்சாலையை, நீ இருக்கும் நாட்டு அரசாங்கம் நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு உதவியாகத் தரும் ஆக்ஸிஜன் மெஷின் ஆர்டர்தான் காப்பாற்றியது, உன்னையும் நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "எம் பொண்ணு கைபட்ட மெஷின்லதான் மூச்சு விடுறேன்" என்று நர்ஸுகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

மெஷின் இருந்துமா அப்பா போனார் என்று போனில் கேட்டாய். இப்போது சொல்கிறேன். திங்கட்கிழமை காலை அப்பாவின் மெஷின் நின்றுபோனது. பின்மூடியில் சீல், அதில் எண் பதினேழு. தொழிற்சாலையில் உன் எண். இருபது வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் லிப்ட் முதல் எக்ஸ்ரே வரை கழற்றி மாட்டுகிறவன் நான், ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டேன். பெரிய டாக்டர் ஓடி வந்தார். "கம்பெனி ஆள் இல்லாம சீலைப் பிரிச்சா நாப்பது மெஷினையும் திருப்பி எடுத்துக்குவாங்கப்பா, மத்தவங்களுக்கு நீயா பதில் சொல்வே?" என்றார். மற்ற முப்பத்தொன்பதிலும் ஆள் இருந்தார்கள். பழைய சிலிண்டர்களை உதவி நிபந்தனைப்படி முன்பே கழித்துக் கட்டியிருந்தோம். ஸ்குரூடிரைவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அப்பா புதன்கிழமை மதியம் போனார். திங்கட்கிழமையே சொல்லியும் உங்கள் கம்பெனி ஆள் வெள்ளிக்கிழமைதான் வந்தார். தங்கமான மனுஷன். மூடியைத் திறந்தார், ஃபில்டரில் தூசி. தட்டி மாட்டினார், ஓடியது. அவருக்குக் கொடுத்த டீ ஆறவில்லை. அவருடைய டிக்கெட், ஹோட்டல், சம்பளம், புது ஃபில்டர் எல்லாமே உதவிப் பணத்தில்தானாம். அடப்பாவிகளா, பணம் உங்கள் தெருவைத் தாண்டவே இல்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைதான் இன்னும் வரவில்லை. "அழுதுடுடா" என்கிறாள் அம்மா. வந்தால்தானே.

உன்னைக் குறை சொல்லவில்லை. சீலை அழுத்தி ஒட்டுவது உன் வேலை, நன்றாகத்தான் ஒட்டியிருந்தாய். ஆர்டர் இன்னும் மூன்று வருஷத்துக்கு இருக்கிறதாமே. வேலை நிலைக்கட்டும், நினைத்தபடி வீடு வாங்கு, நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மாவுக்கும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடுத்த கப்பலில் வரும் மெஷின் ஒன்றை அவளுக்கென்று டாக்டர் எழுதிவிட்டார். நம் ஆஸ்பத்திரி பெயர் போட்ட பெட்டி உன் மேஜைக்கு வந்தால், ஒன்றே ஒன்றில் மட்டும் சீலை அழுத்தாமல் ஒட்டம்மா. தானாக உரிந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அண்ணன்