திருக்கடையூர் விபூதியும் உன் மேசையும்

பூதலூர்
மார்கழி 5

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை இனியவனும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். சம்பா கதிர் வந்து நிற்கிறது, இந்த நேரம் பார்த்து மழை விடாமல் தூறுகிறது, அப்பா காலையில் வயலுக்குத் தண்ணீர் வடிக்கப் போனால் மத்தியானம்தான் வருகிறார், இருமல் தேவலை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளையும் கேட்பார். இது அவர் கேட்கிற பேச்சு இல்லை. அதனால்தான் வடகப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துப் போடு.

ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குரூப்பில் போட்டோ போட்டாயே, டொராண்டோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சுடச்சுடக் குக்கரை வைத்து வெள்ளை வெளேரென்று வட்டம் விழுந்தது ஒன்று, அது போய்ப் பளபளவென்று இருப்பது ஒன்று. கீழே என்ன எழுதினாய்? மாமா சொன்ன மாதிரி விபூதியையும் தேங்காய் எண்ணெயையும் குழைச்சுத் தேச்சேன், மாயமாப் போயிடுச்சு, மாமான்னா மாமாதான் என்று எழுதினாய். உடனே உன் மாமனார் மன்னார்குடியிலிருந்து கைகூப்புகிற படம் போடுகிறார். எனக்கு வயிறு எரிந்தது தமிழ், மறைப்பானேன். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பதற்குக்கூடக் கரண்டியும் கையுமாக வீடியோவில் என்னைத்தானே கூப்பிடுவாய், கறை என்றதும் அவர் நினைவு எப்படி வந்தது? அதுவும் எந்த விபூதி? அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நீ வர முடியவில்லையே என்று, நெற்றியில் இட்டுக்கொள்ளத் திருக்கடையூரில் கூட்டத்தில் இடிபட்டு வாங்கி அனுப்பிய விபூதி. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். விபூதி என்னுடையது, பேர் அவருக்கு.

அவருக்குத் தெரியாத வழி ஒன்றை உனக்குச் சொல்லியே தீர்வது என்று வீம்பு பிடித்தது. எதிர்வீட்டு ஈஸ்வரி, காய்ந்த துணியைப் போட்டு அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை லேசான சூட்டில் ஓட்டினாலே வெள்ளை போய்விடும் என்றாள். செய்து பார்க்கக் கறை வேண்டுமே, நம் வீட்டு மேசையில் பேருக்குக்கூட ஒன்று கிடையாது. நானே இட்லிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி நடு மேசையில் வைத்தேன், நன்றாகவே விழுந்தது. துணி காய்ந்திருக்கிறதா என்று பார்க்காத அவசரத்தில் ஆவி கிளம்பி, தட்டளவு இருந்த வெள்ளை தாம்பாளம் அளவு ஆகிவிட்டது. வயலிலிருந்து வந்த அப்பா பார்த்துவிட்டு, ஏ அம்சம், சம்பந்தி மேல உள்ள கோவத்துக்கு மேசை என்ன பண்ணும் என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு வழி இல்லாமல் மன்னார்குடிக்குப் போன் போட்டேன். விபூதிக்கு எவ்வளவு எண்ணெய் என்று மட்டும் கேட்டேன். அவர் சிரிக்கிறார். என்னங்க சம்பந்தியம்மா, என்கிட்ட கேக்குறீங்க, உங்களைப் பாத்துத்தானே நானே கத்துக்கிட்டேன் என்றார். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் காபி டம்ளரைச் சூட்டோடு நம் மேசையில் வைத்துவிட்டாராம், எடுத்தால் வெள்ளை வட்டமாம், வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று கூனிக் குறுகிப்போனாராம். நான் முகம் சுளிக்காமல் தட்டிலிருந்த விபூதியைக் கிள்ளி, எண்ணெயைத் தொட்டு, முந்தானையால் நாலு தேய் தேய்த்துவிட்டுக் கேசரியை நீட்டினேனாம். இந்த வீட்லதான் பொண்ணு எடுக்கணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன் என்றும் சொன்னார். அன்றைய பதற்றத்தில் எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. கேட்டதும் மனம் குளிர்ந்தது, வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறவர் குரூப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கையைக் கூப்பிக்கொண்டு சும்மா இருந்தாரே.

நம் மேசை இப்போது சரியாகிவிட்டது. முறையை என் வாயாலும் கேட்டுக்கொள். கெட்டியாகக் குழைத்து, பழைய வேட்டித் துணியில் தொட்டு, மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகத் தேய், அழுத்தினால் பாலிஷ் போய்விடும். வெள்ளைக்குத்தான் இது, கறுப்பாக இருந்தால் தண்ணீர் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது, ஆசாரிதான் பார்க்க வேண்டும். குக்கருக்கு அடியில் வைக்கப் பிரிமணையும் அனுப்பியிருக்கிறேன். குரூப்பில் ஒரு வரி போடு, இது எங்க அம்மா முறை என்று. நான் சொல்லித்தான் போட்டாய் என்று தெரிய வேண்டாம், உனக்கே தோன்றியதுபோல இருக்கட்டும். உன் மாமனார் நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. அவரைக் கேட்க இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், என்னைக் கேட்க நீ ஒருத்திதான்.

இருவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைந்து வாழ வேண்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பார்சலில் விபூதிப் பொட்டலம் இரண்டு இருக்கிறது. சிவப்பு நூல் கட்டியது நெற்றிக்கு, மற்றது மேசைக்கு, மாற்றிவிடாதே. அடுத்த கறை விழுந்தால் முதலில் என்னைக் கூப்பிடு. விழாவிட்டாலும் கூப்பிடு.

உன் அம்மா
அம்சம் ஐயாவு