பென்சிலில் போட்ட டிக்

அப்பா,

அம்மாவின் கட்டைவிரலில் ஒட்டிய நீல மை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் அதன் வாடை அடுப்படி வரை வருகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, ஓர் ஆராய்ச்சிக்கார அக்கா வந்து ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த வாடை வந்தாலே நீங்கள் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது.

சங்கு குளிக்கிற உங்களைத் தேடி, இப்படிக் கைநாட்டு வாங்க எத்தனை பேர் வந்தார்கள்! டாக்டர் படிப்புக்காரர் உங்கள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கடல் ஆராய்ச்சிக்காரர் நீங்கள் எடுத்து வந்த சங்குகளை ஒவ்வொன்றாக அளந்தார். தமிழ்த்துறைக்காரர் காற்றுக்கு நீங்கள் சொல்லும் பெயர்களை ரெக்கார்டு செய்தார். வரலாற்றுக்காரர் உங்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. உங்கள் தாத்தாவின் தாத்தா முத்துக் குளித்தாரா என்றுதான் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் எழுதுவதை எட்டிப் பார்ப்பேன். இத்தனை வகைப் படிப்பு இருப்பதை என் பாடப்புத்தகம் எனக்குச் சொன்னதில்லை.

அவர்கள் போனதும் நீங்கள் சிரிப்பீர்கள். "ஏளா, ஒருத்தரு காதப் பாத்தாரு, ஒருத்தரு பேச்சப் புடிச்சிட்டுப் போறாரு. என்னைய முழுசாப் பாக்க எந்தக் காலேஜிலயும் ஆளு இல்ல போலுக்கு."

"நான் படிச்சிட்டு வந்து பாக்கேம்ப்பா."

"மொதல்ல காதுக்கு மருந்த ஊத்து" என்றீர்கள்.

நீங்கள் கடலிலிருந்து மேலே வராமல் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அம்மா விடியுமுன் இறால் கம்பெனிக்குப் போகிறாள். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் பத்தாவது முடித்த நான் பதினொன்றில் சேரவில்லை. பழைய புத்தகங்களை நான்கு முறை படித்தாயிற்று. ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன் தெரிகிறது. போன வழியிலேயே திரும்பி வருகிறது; மறுபடியும் போகிறது. நாள் முழுவதும் அதைத்தான் பார்க்கிறேன்.

இந்த அக்கா சமூகவியல் படிக்கிறார். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளைப் பற்றி எழுதுகிறாராம். "மூத்த பொண்ணு படிக்கிறாளா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல், "நின்னுட்டா" என்றாள். பேனா 'படிப்பை நிறுத்தியவர்' என்ற கட்டத்துக்கு நகர்ந்தது. கேள்வி கேட்பவர்கள் பக்கம் போய் உட்கார ஆசைப்பட்டவள் நான், அப்பா. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் என்னை வைத்துப் பூட்டப்போகிறார்கள் என்று தோன்றியது.

வந்தவர்கள் கிளம்பும்போது, "இப்போ நான் ஒண்ணு கேக்கேன்" என்பீர்களே, அது என் வாயிலும் வந்துவிட்டது.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கேன். அந்த டிக்க மட்டும் பென்சில்ல போடுவீங்களா? ஸ்கூல்ல இன்னும் ஒரு வாரம் சேக்காங்க."

"அப்பனப் போலயே எடக்குப் பேசுதா பாருங்க" என்றாள் அம்மா. ஆனால் பேனாவிலேயே போடுங்கள் என்று சொல்லவில்லை.

அக்காவிடம் பென்சில் இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். மெல்லிசாக ஒரு டிக் போட்டார். விட்டுப்போனதைக் கேட்க அதே படிவத்தோடு அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லி, ஞாபகமில்லாமல் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் தங்கச்சிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அம்மா கேட்டாள். "பால்வாடி எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

"எட்டரைக்கும்மா."

"எனக்கு நாலரைக்கே வண்டி வந்துருமே."

"ஸ்கூலுக்குப் போற வழியில நான் கொண்டு விடுதேன்."

 அம்மா விரலில் இருந்த மையைப் புடவைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பென்சில் அக்காவோடு போய்விட்டது. ரப்பர் என்னிடம் இருக்கிறது, அப்பா.